பேண்டுக்கு வெளியே ஒரு பாஸிஸ்ட்: பாலக்காட்டு எல்லையிலிருந்து கேள்விகளும் பதில்களும்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீஸில் மலையாளம், சந்தையில் இரண்டும் பேசுகிற ஊர். ஒரு ராக் பேண்டில் பாஸ் கிட்டார் வாசிக்கிறேன். அது போக, வேலா (கேரளக் கோயில் திருவிழா) சீசனில் கானமேளா (மேடைப் பாட்டுக் கச்சேரி), ஆடியில் பொள்ளாச்சிப் பக்கம் ஆர்கெஸ்ட்ரா, ஞாயிற்றுக்கிழமை சர்ச், நடுநடுவே ரெக்கார்டிங், சாயங்காலம் பிள்ளைகளுக்கு வகுப்பு. இந்த வெளிவேலைகளைப் பற்றி மாணவர்கள், அவர்களுடைய அப்பா அம்மாக்கள், மற்ற பேண்டுக்காரர்கள், கோயில் கமிட்டிக்காரர்கள் என்று பலரும் ஒரே மாதிரிக் கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் அவசரமாகச் சொல்வதற்குப் பதில் நிதானமாக எழுதி வைக்கிறேன்.

பாஸ் கிட்டாருக்கும் சாதாரண கிட்டாருக்கும் என்ன வித்தியாசம்?

நான்கு தடிமனான கம்பிகள்: இ, ஏ, டி, ஜி. சாதாரண கிட்டாரின் தடித்த நான்கு கம்பிகளைவிட ஒரு ஸ்தாயி கீழே. இன்று எல்லோரும் வாசிக்கிற வடிவம் 1951-இல் லியோ ஃபெண்டர் விற்பனைக்குக் கொண்டுவந்த பிரிசிஷன் பாஸிலிருந்து வந்தது. ஐந்து கம்பி பாஸும் உண்டு. இப்போதைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

சொந்தமாக பேண்டு இருக்கும்போது வெளியே எதற்கு வாசிக்கப் போகிறீர்கள்?

முதல் காரணம் பணம். அதை மறைக்க வேண்டியதில்லை. சொந்தப் பாட்டு வாசிக்கிற ராக் பேண்டுக்குப் பாலக்காடு, திருச்சூர், கோயம்புத்தூர் மூன்றையும் சேர்த்தாலும் வருஷம் முழுக்க மேடை கிடைக்காது. கிடைக்கிற கல்லூரி விழாவும் கஃபே ஷோவும் கம்பி, பெட்ரோல், ரிகர்சல் ரூம் வாடகை ஆகியவற்றுக்கே சரியாகப் போய்விடும்.

பணம் மட்டும்தான் காரணம் என்றால் வேறு வேலைக்குப் போயிருக்கலாம். சொந்த பேண்டில் எல்லாமே நம் வசதிக்கு அமைந்தவை. ஸ்கேல் நம் பாடகரின் குரலுக்கு, வேகம் நம் டிரம்மரின் கைக்கு, பாஸ் லைன் நம் விரல் ஏற்கெனவே பழகிய இடத்துக்கு. நாலைந்து வருஷம் இப்படியே போனால் விரல் போன தடத்திலேயே போகும். வெளியே போனால் அந்த வசதி எதுவும் கிடையாது. முன்பின் பார்த்திராத பாடகர், ஒரே ஒரு முறை கேட்ட பாட்டு, பக்கத்தில் புது டிரம்மர். இந்தப் பாட்டுக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று நின்ற இடத்தில் முடிவு செய்ய வேண்டும். ஒரே பேண்டுக்குள் இருந்துகொண்டு நல்ல கிட்டாரிஸ்ட் ஆகிவிடலாம். நல்ல பாஸிஸ்ட் ஆவது ரொம்பக் கஷ்டம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பாஸ் எப்போதும் இன்னொருவர் பாட்டுக்கு அடியில் நிற்கிற வாத்தியம். எத்தனை விதமான ஆட்களுக்கு அடியில் நின்று பழகுகிறோமோ அத்தனைக்கு அது பக்குவப்படும்.

பெரிய ராக் பேண்டுகளின் பாஸிஸ்டுகளும் இப்படி வெளியே வேலை செய்தார்களா?

செய்தார்கள். சொல்லப்போனால், வெளிவேலையைப் பார்த்தால்தான் சில பாஸிஸ்டுகளின் முழு உயரமும் தெரியும்.

எனக்கு இதில் முதல் பெயர் ஜான் பால் ஜோன்ஸ். லெட் செப்பெலினின் பாஸிஸ்ட். 1968-இல் அந்த பேண்டு தொடங்குவதற்கு முன்பே லண்டன் ஸ்டுடியோக்களில் நாள் முழுக்க மற்றவர்களுக்கு வாசித்துக்கொண்டிருந்தவர். வாசிப்பதோடு நிற்காமல் வயலின் கோஷ்டிக்கான பகுதிகளையும் எழுதிக் கொடுத்தார். ரோலிங் ஸ்டோன்ஸின் 1967 ஆல்பத்தில் ஒரு பாட்டுக்கு வயலின், செல்லோ பகுதிகளை எழுதியவர் அவர். இன்னும் முன்னால் போனால், 14 வயதிலேயே தன் ஊர் சர்ச்சில் ஆர்கன் வாசித்துக் கோரஸையும் நடத்தியிருக்கிறார். லெட் செப்பெலின் முடிந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. ஆர்.ஈ.எம். என்ற அமெரிக்க பேண்டின் 1992 ஆல்பத்தில் நான்கு பாட்டுகளுக்கு வயலின் பகுதிகள் எழுதினார். 1994-இல் டயமாண்டா கலாஸ் என்ற பாடகியோடு ஒரு முழு ஆல்பம் செய்தார்.  அதில் முன்னால் நிற்பவை குரலும் பாஸும் டிரம்ஸும்தான். முதல் தனி ஆல்பம் வந்தது 1999-இல். பத்து வருஷம் கழித்து, தன்னைவிட ரொம்பச் சின்னவர்களான டேவ் குரோல், ஜாஷ் ஹோம் இருவரோடும் சேர்ந்து தெம் குரூக்கட் வல்ச்சர்ஸ் என்று புது பேண்டு தொடங்கினார். லெட் செப்பெலின் பாட்டுகளில் பாஸ் ஏன் அவ்வளவு நிறைந்து கேட்கிறது என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: முழு கோஷ்டிக்கும் எழுதத் தெரிந்தவர் நான்கு கம்பியில் வாசிக்கிறார்.

அடுத்து ஃப்ளீ, ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ். மேடையில் அவர் குதிப்பதைத்தான் எங்கள் பிள்ளைகள் பார்க்கிறார்கள். 1995-இல் அலானிஸ் மோரிசெட்டின் புகழ்பெற்ற கோபப் பாட்டில் பாஸ் வாசித்தது அவர்தான். அதைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள். தன் பேண்டில் வாசிப்பதுபோல் எல்லா இடத்தையும் நிரப்பாமல், அவள் வார்த்தை விடுகிற இடைவெளியில் மட்டும் நுழைந்து வெளியே வருகிறார். ரேடியோஹெட்டின் தாம் யார்க்கோடு ஆட்டம்ஸ் ஃபார் பீஸ், ஆப்பிரிக்க டிரம்மர் டோனி ஆலனோடு இன்னொரு குழு என்று போய்க்கொண்டே இருந்தார். இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகத் தெரிவது, 2001-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் அவர் நண்பர்களோடு சேர்ந்து தொடங்கிய லாப நோக்கமில்லாத இசைப் பள்ளி. ஊர் உலகம் எல்லாம் ஸ்டேடியம் நிரம்ப வாசிக்கிற ஆள், தன் பேட்டையில் பிள்ளைகளுக்கு ஸ்கேல் சொல்லித்தர இடம் கட்டியிருக்கிறார்.

வாசிப்பே இல்லாத வெளிவேலையும் உண்டு. மான்ஃப்ரெட் மேன் பேண்டில் பாஸ் வாசித்த கிளவுஸ் ஃபோர்மன் ஓவியர். பீட்டில்ஸின் 1966 ஆல்பமான ரிவால்வரின் கறுப்பு வெள்ளை அட்டையை வரைந்து கிராமி விருது வாங்கினார். பிறகு ஜான் லெனன், ஜார்ஜ் ஹாரிசன் இருவருடைய தனி ஆல்பங்களிலும் பாஸ் வாசித்தார். டீப் பர்ப்பிளின் ராஜர் குளோவர், நாசரெத், ஜூடாஸ் பிரீஸ்ட் மாதிரி மற்ற பேண்டுகளின் ஆல்பங்களைத் தயாரித்துக் கொடுத்தவர். கன்ஸ் அன் ரோசஸின் டஃப் மெக்கேகன் சியாட்டிலில் கல்லூரிக்குப் போய் வணிகம் படித்தார். பிறகு இசைக்காரர்களின் பணத்தை நிர்வகிக்க உதவும் நிறுவனம் ஒன்றையும் தொடங்கினார். இந்தக் கடைசி ஆளின் கதையை நான் மாணவர்களின் அப்பாக்களிடம் தவறாமல் சொல்வேன்.

இந்தியாவில் அப்படி யார் இருக்கிறார்கள்?

இந்தியன் ஓஷன் பேண்டின் ராகுல் ராம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் நச்சியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். திரும்பி வந்து 1990-களின் முதல் பாதியில் நர்மதை அணை எதிர்ப்புப் போராட்டத்தில் வேலை செய்தார். அங்கே ஆற்றங்கரை மக்கள் பாடிய நர்மதைப் பாட்டு ஒன்று அவர் வழியாக பேண்டுக்குள் வந்தது. அந்தப் பாட்டு இருக்கிற 2000 ஆல்பத்தின் பெயர் கண்டீசா. ஆல்பத்துக்குப் பெயர் கொடுத்த பாட்டு நம் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய அரமேயப் பிரார்த்தனை. டெல்லி பேண்டின் ஆல்பத்தில் மத்தியப் பிரதேசத்து ஆறும் கேரளத்து சர்ச்சும் வந்ததற்கு, உறுப்பினர்கள் பேண்டுக்கு வெளியே கால் வைத்ததுதான் காரணம். எங்கள் டிரம்மருக்கு நான் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுகிற ஆல்பம் அது.

கேரளத்தில் அவியல் பேண்டு மலையாள ராக்கை ஒரு தலைமுறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவர்களுடைய 2008 ஆல்பக் காலத்தில் பாஸ் வாசித்த நரேஷ் காமத், மும்பையில் பாடகர் கைலாஷ் கேரின் கைலாசா குழுவில் தன் சகோதரர் பரேஷ் காமத்தோடு சேர்ந்து இசையமைத்தவர்களில் ஒருவர். ஒரு பக்கம் மலையாள ராக், மறுபக்கம் சூஃபி சாயலில் இந்திப் பாட்டு. பாஸ் இல்லாவிட்டாலும் இன்னொரு பெயரையும் சொல்ல வேண்டும்: தைக்குடம் பிரிட்ஜின் வயலின்காரரும் பாடகருமான கோவிந்த் வசந்தா. 2018-இல் 96 படத்துக்கு இசையமைத்து, எல்லைக்கு அந்தப் பக்கமும் வீட்டுக்கு வீடு தெரிந்தவர் ஆனார்.

வெளியே வாசித்தால் பேண்டுக்குள் சண்டை வராதா?

வரும். பேசாமல் விட்டால் கட்டாயம் வரும். மெட்டாலிகாவில் 1986 முதல் பாஸ் வாசித்த ஜேசன் நியூஸ்டெட், எக்கோபிரெய்ன் என்ற தன் வெளிக்குழுவின் ஆல்பத்தை வெளியிட நினைத்தபோது மெட்டாலிகாவின் பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு ஒத்துக்கொள்ளவில்லை. 2001 ஜனவரியில் நியூஸ்டெட் பேண்டை விட்டே போனார். உடல்வலி உட்பட வேறு காரணங்களும் இருந்தன என்றாலும் இந்தத் தகராறு பெரிய பங்கு வகித்தது. என் மனசு இதில் முழுக்க நியூஸ்டெட் பக்கம். பதினாலு வருஷம் உழைத்தவரை வெளியே ஒரு ஜன்னல்கூடத் திறக்கக் கூடாது என்று சொன்னால் அவர் கதவைத் திறந்து போய்விடுவார்.

பிக்சீஸின் கிம் டீல் கதை வேறு மாதிரி. அந்த பேண்டில் பாட்டு எழுதுவது பெரும்பாலும் இன்னொருவர். கிம்மின் பாட்டுகளுக்கு இடம் கம்மி. அவர் பிரீடர்ஸ் என்று தனிக்குழு தொடங்கி 1990-இல் முதல் ஆல்பம், 1993-இல் இரண்டாவது. இரண்டாவது அமெரிக்காவில் பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டியது. உள்ளே இடமில்லாத பாட்டுகள் வெளியே போய்த் தம் வீட்டைக் கட்டிக்கொண்டன.

எங்கள் பேண்டில் எழுதாத ஒப்பந்தம் இது: பேண்டு ஷோவுக்குத் தேதி சொல்லிவிட்டால் அது முதலில். மற்ற நாட்களில் யார் எங்கே வாசித்தாலும் கேள்வி இல்லை. பேண்டுக்காகச் செய்த பாஸ் லைனை வெளியே கொண்டுபோகக் கூடாது. வெளியே கேட்ட எதையும் பேண்டுக்குக் கொண்டுவரலாம். வெளித் தேதிகளை எல்லோரும் பார்க்கிற ஒரே காலண்டரில் போட்டுவிட வேண்டும். சண்டை பெரும்பாலும் இசையால் வருவதில்லை, தேதியால்தான் வருகிறது.

ஆடி மாதம் வேலை இருக்குமா?

எல்லையில் இருப்பவருக்கு இருக்கும். கேரளத்தில் அது கர்க்கடகம்; மழை, ராமாயண வாசிப்பு, விழா கிடையாது, கல்யாணம் கிடையாது. அதே நாட்களில் கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் ஆடி. அம்மன் கோயிலுக்கு அம்மன் கோயில் கூழ், சீரியல் லைட், மைக் செட், ஆர்கெஸ்ட்ரா. மார்கழியில் தமிழ்ப் பக்கம் கல்யாணம் நின்றுவிடும். இந்தப் பக்கம் கிறிஸ்துமஸும் ஐயப்பன் விளக்கும் இருக்கும். தை பிறந்ததும் கேரளத்தில் வேலா, பூரம் வரிசை தொடங்கி மாசி, பங்குனி, சித்திரை வரை ஓடும். மாசியில் பாலக்காட்டுச் சித்தூரில் கொங்கன்படை விழா, பங்குனியில் நெம்மாரா வல்லங்கி வேலா. ஆவணியில் ஓணம், ஐப்பசிக் கடைசியில் கல்பாத்தித் தேர். திருச்சூரிலோ ஈரோட்டிலோ இருக்கிற பாஸிஸ்டுக்கு ஒரு காலண்டர், நமக்கு இரண்டு. இரண்டையும் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் மாட்டி வையுங்கள்.

கானமேளாவும் ஆர்கெஸ்ட்ராவும் ஒன்றுதானே?

கிட்டத்தட்ட. ஆட்கள்கூடச் சில சமயம் அதே ஆட்கள். ஆனால் வாசிப்பு வேறு.

ஆடி ஆர்கெஸ்ட்ராவில் முதல் ஒரு மணி நேரம் பக்திப் பாட்டு, அதிலும் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகள் இல்லாமல் மேடை இறங்க முடியாது. பம்பையும் உடுக்கையும் முன்னால் நிற்கும். பாஸ் அங்கே அலங்காரம் செய்யக் கூடாது; ஸட்ஜத்திலும் பஞ்சமத்திலும் அசையாமல் நிற்க வேண்டும். சாமி வந்து ஆடுகிறவர்கள் முன்னால் இருக்கும்போது தாளம் ஒரு நூல் நகர்ந்தாலும் தெரியும்.

கானமேளாவில் மலையாளம், தமிழ், இந்தி மூன்றும் ஒரே ராத்திரியில். நெம்மாராப் பக்கம் தமிழ்க் குத்துப் பாட்டுக்கு எழுகிற கூட்டம் பொள்ளாச்சியில்கூட எழுந்து நான் பார்த்ததில்லை. இரண்டு பக்கத்துக்கும் பொதுவான கடவுள் இளையராஜா. கோஷ்டியில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் அவரே நோட்டேஷன் எழுதிக் கொடுப்பவர் என்பது தெரிந்த விஷயம். அவருடைய பாஸ் லைன் பாட்டுக்குக் கீழே இன்னொரு பாட்டாக ஓடும். அதை உத்தேசமாக வாசித்துவிட்டு மேடையை விட்டு இறங்க முடியாது. முன்வரிசையில் ஒருவராவது அந்த லைனை முணுமுணுத்துக்கொண்டிருப்பார். ராக்கில் இருந்து வருகிற பிள்ளைகளுக்கு நான் கொடுக்கிற முதல் வீட்டுப்பாடம், ராஜாவின் எண்பதுகளின் பாட்டு ஒன்றின் பாஸை ஹெட்போனில் கேட்டு, ஸ்வரம் ஸ்வரமாகப் பேப்பரில் எழுதிக்கொண்டு வருவது. கிட்டாரைத் தொடுவது அதற்கு அப்புறம்தான்.

பாடகர்கள் 'ஐந்தரைக் கட்டை' என்கிறார்கள். பாஸில் அது எங்கே?

நம் ஊர்க் கணக்கில் ஒரு கட்டை என்றால் சி. இரண்டு டி, மூன்று இ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ, ஏழு பி. அரை சேர்ந்தால் அதற்கடுத்த கறுப்புக் கட்டை. அப்படியானால் ஐந்தரை ஜி ஷார்ப், ஒன்றரை சி ஷார்ப்.

பாஸை எடுத்து 4-வது ஃப்ரெட்டில் (கழுத்தில் பதித்த உலோகக் கோடு) விரலை வையுங்கள். தடித்த இ கம்பியில் அது ஐந்தரை. பக்கத்து ஏ கம்பியில் அதே ஃப்ரெட் ஒன்றரை. நம் பக்கத்துப் பாடகிகள் ஐந்தரையிலும் பாடகர்கள் ஒன்றரையிலும் அடிக்கடி நிற்பதால், டூயட்டுக்கு நடுவில் ஸ்ருதி மாறினால் கை அதே இடத்தில் இருக்க, கம்பி மட்டும் மாறும். ராக் பாஸிஸ்டுகள் திறந்த (விரல் வைக்காத) இ கம்பியிலேயே வாழப் பழகியவர்கள். ஐந்தரைக் கட்டையில் திறந்த கம்பி எதுவும் வேர் ஸ்வரத்துக்குக் கைகொடுக்காது. 4-வது ஃப்ரெட்டை வீடாக வைத்துக்கொண்டு தினமும் பயிற்சி செய்தால் முதல் கானமேளாவுக்குப் பயப்பட வேண்டாம்.

கீபோர்டுகாரர் இடது கையிலேயே பாஸ் வாசித்துவிடுகிறாரே, தனியாக ஆள் எதற்கு?

செலவைக் குறைக்கப் பல குழுக்கள் அப்படித்தான் செய்கின்றன. மைனஸ் டிராக் (குரல் இல்லாமல் பதிவு செய்த இசை) வைத்துப் பாடுகிற இடத்தில் கீபோர்டுகாரர்கூட வேண்டாம். இருந்தும் நல்ல குழுக்கள் பாஸிஸ்டை விடுவதில்லை. கம்பியில் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குச் சறுக்குவது, விரலை லேசாகத் தூக்கி ஒலியைப் பாதியில் நிறுத்துவது, பாடகர் ஒரு வரியை இழுத்தால் கூடவே இழுப்பது, இதெல்லாம் டிரம்மரின் பெடலோடு சேர்ந்து விழும்போதுதான் கூட்டத்தின் கால் தானாக அசையும். இடது கையால் பாஸும் வலது கையால் வயலினும் வாசிக்கிறவருக்கு இரண்டிலும் கவனம் பாதிதான்.

ராக் சவுண்டை வைத்துக்கொண்டு பழைய பாட்டு வாசிக்க முடியுமா?

முடியாது, மாற்ற வேண்டும். எளிய வழி ஒன்று சொல்கிறேன். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சில் ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி, பிரிட்ஜுக்கு (கிட்டார் உடம்பில் கம்பிகள் முடிகிற இடம்) ஒட்டினாற்போல் கம்பிகளுக்கு அடியில் செருகுங்கள். கம்பியைத் தட்டினால் நீளமாக ரீங்கரிக்காது. 'டும்' என்று உருண்டு நின்றுவிடும். எழுபது, எண்பதுகளின் சினிமாப் பாட்டில் கேட்கிற பாஸ் அதுதான். டோன் திருகை முக்கால்வாசி மூடி, பிளெக்ட்ரத்தைப் பையில் போட்டுவிட்டு, கட்டைவிரலின் சதையால் வாசியுங்கள். அடுத்த பாட்டு புது அடிப்பாட்டு என்றால் ஸ்பாஞ்சை உருவினால் போதும். வசதி இருந்தால் ஃப்ளாட்வவுண்ட் கம்பி (மேல்பக்கம் வழுவழுப்பானது) போட்ட இரண்டாவது பாஸ் வைத்துக்கொள்ளலாம். நான் இன்னும் ஸ்பாஞ்சோடுதான் இருக்கிறேன். ஸ்டுடியோவிலும் அதைக் கேட்டு யாரும் குறை சொன்னதில்லை.

மேடையில் நன்றாகக் கேட்கிற பாஸ் மைதானத்தில் ஏன் காணாமல் போகிறது?

திறந்த இ கம்பியின் அதிர்வு நொடிக்குச் சுமார் 41. அந்த ஒலியலையின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல். இவ்வளவு நீளமான அலை சில இடத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் பெருகும், சில இடத்தில் ஒன்றையொன்று அடித்து அழியும். மேடையில் உங்கள் காலடியில் அதிர்வது இருபதடி தள்ளி இருப்பவருக்குக் கேட்க வேண்டும் என்பதில்லை. சவுண்ட் செக்கின்போது நீளமான கேபிளோ வயர்லெஸ்ஸோ போட்டுக் கீழே இறங்கி நடந்து கேளுங்கள். ஒன்று கவனம்: சாதா கேபிள் ரொம்ப நீளமானால் மேல் ஒலிகள் மங்கும். டிஐ பாக்ஸ் (கிட்டார் சிக்னலை நீளமான ஒயரிலும் கெடாமல் அனுப்புகிற சின்னப் பெட்டி) வழியாக மிக்ஸருக்குப் போவது நல்லது. ஜெனரேட்டரில் எர்த் சரியில்லாமல் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் அந்தப் பாக்ஸில் இருக்கிற கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்சைத் தட்டிப் பாருங்கள். பிளக்கின் எர்த் பின்னை உடைத்து இரைச்சலை நிறுத்துகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள், உயிர் போகும்.

செண்டையோடு வாசிக்கும்போது இன்னும் குறைவாக வாசியுங்கள். வலந்தலையும் (செண்டையின் ஒரு பக்கம்) இலத்தாளமும் (கைத்தாளம்) சேர்ந்தால் நடு ஒலி, மேல் ஒலி எல்லாம் நிறைந்துவிடும். பாஸுக்கு மிச்சம் இருப்பது அடிமட்டம் மட்டும். காலம் ஏற ஏற மேளம் வேகம் பிடிக்கும்; கிளிக் டிராக்கை (காதில் ஒரே வேகத்தில் ஓடுகிற தட்டு) நம்பாமல் குழலும் கொம்பும் எங்கே மூச்சு விடுகின்றன என்று பார்த்தால் திருப்பம் எப்போது வரும் என்று தெரிந்துவிடும்.

சர்ச்சில் வாசிப்பது ராக்குக்கு உதவுமா?

ரொம்ப. நான்கு குரலில் பாடுகிற கீர்த்தனைப் புத்தகத்தில் அடிக்குரல் வரியைப் பார்த்து வாசியுங்கள். பேஸ் க்ளெஃப் (அடி ஸ்வரங்களை எழுதுகிற மேற்கத்தியக் குறிமுறை) படிக்கத் தெரிந்துவிடும், ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்கு அடுத்த படி வழியாக நடந்து போகவும் தெரிந்துவிடும். ஜான் பால் ஜோன்ஸ் தொடங்கியதும் அங்கேதான் என்று மேலே சொன்னேன்.

வீட்டிலிருந்தே ரெக்கார்டிங் செய்து அனுப்ப முடியுமா?

முடியும், இப்போது என் ரெக்கார்டிங்கில் பெரும்பகுதி அப்படித்தான். ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் (கிட்டாரைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற பெட்டி), நல்ல ஹெட்போன், புதுக் கம்பி. டெம்போவும் கிளிக்கும் கேட்டு வாங்குங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் ஃபைலாக, பாட்டின் முதல் நொடியிலிருந்து தொடங்கி அனுப்புங்கள். எந்த எஃபெக்ட்டும் இல்லாத சுத்தமான டிராக் ஒன்று, உங்கள் விருப்பப்படி டோன் செய்தது ஒன்று. இரண்டையும் கொடுத்தால் மிக்ஸ் செய்கிறவர் உங்களை மறுபடியும் கூப்பிடுவார்.

வாசித்த பாட்டில் பெயர் வருமா? ராயல்டி உண்டா?

பெயர் போடச் சொல்லி முன்கூட்டியே கேளுங்கள். இது வீம்பு இல்லை, உரிமை. மோட்டவுன் கம்பெனியின் எண்ணற்ற ஹிட்டுகளில் பாஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் பெயர், 1971-இல் மார்வின் கே ஆல்பத்தில் அச்சாகும் வரை ஆல்பம் அட்டைகளில் வரவே இல்லை. உலகம் முழுக்க அவர் வாசிப்பைக் கேட்டு ஆடியது, ஆள் யாரென்று தெரியாமலே. இன்று ஸ்ட்ரீமிங் தளங்களில் பெயர் சேர்க்க ஒரு நிமிஷம்தான் ஆகும். சேர்க்காமல் விடுவதற்கு எந்த நியாயமும் கிடையாது.

ராயல்டி விஷயத்தில், 2012 காப்புரிமைச் சட்டத் திருத்தம் பாடலாசிரியர், இசையமைப்பாளர் பக்கத்தை வலுவாக்கியது. கால்ஷீட்டுக்கு வந்து வாசிக்கிறவருக்கு நடைமுறையில் அன்றைய சம்பளத்தோடு கதை முடிகிறது. பாட்டின் மெட்டிலேயே உங்கள் பங்கு இருந்தால், ரெக்கார்டிங்குக்கு முன் எழுத்தில் வாங்குங்கள். பிறகு கேட்டால் நட்பு கெடும், பணமும் வராது.

பெண் பிள்ளைகள் இந்த வேலைக்கு வரலாமா?

வர வேண்டும். டாக்கிங் ஹெட்ஸின் டினா வெய்மவுத் பேண்டுக்கு வெளியே 1981-இல் தொடங்கிய டாம் டாம் கிளப்பின் பாஸை உலகம் இன்னும் எடுத்து எடுத்துப் புதுப்பாட்டுகளில் போட்டுக்கொண்டிருக்கிறது. நம் நாட்டில் பாஸிஸ்ட் மோகினி டே சின்ன வயதிலேயே ஏ.ஆர். ரஹ்மான் மேடை வரை போனார். என் வகுப்பில் தாளம் பிசகாமல் நிற்கிறவர்கள் பெண் பிள்ளைகள்தான். தடையாக இருப்பது ராத்திரிப் பயணம். குழுத் தலைவரிடம் திரும்பி வர வண்டி, மேடைக்குப் பின்னால் பூட்டுகிற அறை, கழிப்பறை மூன்றையும் முன்கூட்டியே கேளுங்கள். தர முடியாது என்கிற குழுவுக்குப் பையன்களும் போக வேண்டாம்.

காது கெட்டுப்போகாதா?

கெடும், காப்பாற்றாவிட்டால். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை தாங்கும் என்பது தொழில்நலக் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிஷம்தான். டிரம்ஸ் சிம்பலுக்குப் பக்கத்தில் நிற்கிற பாஸிஸ்டுக்கு அது சாதாரணம். இசைக்காரர்களுக்கான இயர்பிளக் வாங்குங்கள்.

படிப்பை விட்டுவிட்டு முழுநேரமாக வரலாமா?

படிப்பை முடியுங்கள். மேலே சொன்ன ராகுல் ராம் டாக்டர் பட்டக்காரர். வாரத்தில் சனி ஞாயிறு வாசித்து, மற்ற நாள் வேலைக்குப் போகிற நல்ல பாஸிஸ்டுகளை எனக்குத் தெரியும். அவர்களுடைய வாசிப்பில் பதற்றம் இருக்காது, பிடிக்காத ஷோவை வேண்டாம் என்று சொல்லவும் முடியும்.

கோயில் கமிட்டியிலிருந்து கேட்கிறோம். குழுவைக் கூப்பிடும்போது என்னென்ன பேச வேண்டும்?

அட்வான்ஸ் பாதி, மீதி மேடை ஏறுவதற்கு முன். ஒரு ஊரில் மழை வந்து ஷோ பாதியில் நின்றபோது, நனைந்த ஆம்ப்ளிஃபயரோடு நாங்கள் விடியும் வரை நின்றும் மீதிப் பணம் வரவில்லை. அதிலிருந்து மழைக்கும் சேர்த்தே எழுதி வாங்குகிறோம். நீங்களும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மேடைக்குக் கூரை, ஜெனரேட்டருக்கு எர்த், வாசிப்பவர்களுக்குச் சாப்பாடு.

நேரம் முக்கியம். 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, மத விழாக்களுக்கு வருஷத்தில் 15 நாள் வரை, நடு இரவு வரை, மாநில அரசு விலக்கு தரலாம். அந்த அனுமதிக் கடிதத்தின் நகலைக் குழுவுக்கு முன்பே அனுப்பிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் போலீஸ் வந்து மைக்கை நிறுத்தினால் திட்டு வாங்குவது மேடையில் நிற்கிறவர்கள்.

தமிழ்நாட்டு வண்டி கேரளத்துக்குள்ளோ, கேரள வண்டி அந்தப் பக்கமோ போகிறது என்றால் பெர்மிட்டை வேன்காரரிடம் முந்தின நாளே கேட்டுவிடுங்கள். அப்புறம் பாட்டு லிஸ்ட். கட்டாயம் வேண்டிய பாட்டுகளை ஒரு வாரத்துக்கு முன் அனுப்பினால் போதும், பாடுகிறவர் எந்தக் கட்டையில் பாடுகிறார் என்பதையும் சேர்த்து.